ஒரு நூலுக்கு ஒரு மணி

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் உரித்துப் பார்த்த அந்த முதல் மக்காச்சோளக் கதிரை இன்னும் எறியவில்லை. சமையலறை ஜன்னல் மேடையில் காய்ந்துபோய்க் கிடக்கிறது. செடியில் இருந்தபோது தோகைக்குள் நன்றாகத் திரண்டிருப்பதுபோலத்தான் தெரிந்தது. கையால் பிடித்தபோதுதான் அங்கங்கே அமுங்கியது. உரித்தேன். அடியில் ஒரு கொத்து மணி, நடுவில் தனித்தனியாகச் சில, நுனியில் ஒன்றுமே இல்லை. நெருக்கிப் பிடிக்கப் பக்கத்து மணிகள் இல்லாததால், இருந்தவை உருண்டு பருத்து, ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன. ஒன்பது வயது மகள் ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினாள். 41.

இரண்டு மாதத்துக்கு மேல் தண்ணீர் ஊற்றி வளர்த்த செடி. விளைச்சல் குறைந்தது எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. ஏன் இப்படி ஆனது என்று மகள் கேட்டதற்குப் பதில் தெரியவில்லை, அதுதான் உறுத்தியது. நான் பெரம்பலூர்ப் பக்கத்துக்காரன். தமிழ்நாட்டில் மக்காச்சோளம் என்றால் முதலில் சொல்லும் ஊர்களில் ஒன்று எங்களுடையது. எங்கள் மூன்று ஏக்கர் கரிசல் காட்டில் அப்பா இருபது வருடத்துக்கும் மேலாக அதைத்தான் போடுகிறார். களத்துமேட்டில் மலைபோலக் கொட்டிக் கிடக்கும் கதிர்களின் மேல் ஏறி விளையாடியிருக்கிறேன். நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குப் போகும் லாரியில் மூட்டை ஏற்றுவதை வேடிக்கை பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு செடிக்குக்கூட நான் களை எடுத்ததில்லை. எடுக்க விட்டதில்லை. சோற்றுத் தூக்கோடு வரப்பு வரைக்கும் போகலாம், அதைத் தாண்டி இறங்கினால் அப்பா சத்தம் போடுவார். "நீ படி. இந்தச் சேறு என்னோட போவட்டும்." படித்தேன். 2009இல் சிங்கப்பூர் வந்தேன். அவர் நினைத்தது நடந்தது.

இரண்டரை மீட்டர்

பொங்கோல் பூங்காவில் எனக்கு ஒரு தோட்டப் பாத்தி கிடைத்தது போன ஆண்டின் கடைசியில். பெயர்தான் பொங்கோல், இருப்பது ஹவ்காங்கில். எங்கள் புளோக்கிலிருந்து சைக்கிளில் எட்டு நிமிடம். தேசியப் பூங்காக் கழகம் 2016இல் ஹார்ட்பார்க்கில் தொடங்கிய திட்டம் இது. இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் உயர்த்திக் கட்டிய பாத்தி, மூன்று ஆண்டுக் குத்தகை. கேட்பவர்கள் அதிகம் என்பதால் குலுக்கல். என் பெயர் வந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தோம்.

என்ன போடப்போகிறாய் என்று எல்லோரும் கேட்டார்கள். மக்காச்சோளம் என்றதும் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. வலப்பக்கப் பாத்திக்காரர் எழுபதைத் தாண்டிய சீனர். கங்கோங், சாய் சிம் என்று அவர் பாத்தி எப்போதும் பச்சைக் கம்பளம்போல இருக்கும். மூன்று வாரத்தில் கீரை அறுக்கலாம், நீ ஏன் இரண்டரை மாதம் இடத்தை அடைத்து வைக்கிறாய் என்று விரல்விட்டுக் கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் கணக்கில் தப்பே இல்லை. ஒரு செடிக்குத் தேறுவது ஒரு கதிர், அதுவும் பேரங்காடியில் ஓரிரண்டு வெள்ளிக்கு, அதாவது டாலருக்கு, கிடைப்பது. இடப்பக்கம் ஒரு மக்சிக், அதாவது மலாய்க்கார அம்மா, பாண்டான் இலையும் செராய் என்கிற எலுமிச்சைப் புல்லும் வைத்திருப்பவர். அவர் மட்டும் சிரித்துக்கொண்டே ஒரு மலாய்ச் சொல்வழக்கு சொன்னார். அனுபவம் போதாத ஆளை 'செதாஹுன் ஜாகுங்' என்பார்களாம். சோளத்தின் ஒரு வருட வயது என்று பொருள். சோளத்துக்கு ஆயுளே மூன்று மாதம்தான், அவ்வளவுதான் உனக்கு விவரம் என்று அர்த்தம். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது, ஏனென்றால் உண்மை.

ஏன் மக்காச்சோளம் என்பதற்கு என்னிடமும் நேரான பதில் இல்லை. மகள் அதைச் சோளம் என்கிறாள். சிங்கப்பூரில் எல்லோருக்கும் சோளம் என்றால் இதுதான். அப்பாவுக்குச் சோளம் என்பது வேறு தானியம். அவர் சின்ன வயதில் களி கிண்டிச் சாப்பிட்டது, எங்கள் காட்டில் மக்காச்சோளம் வருவதற்கு முன் விளைந்தது. வந்தவன் பெயரையும் சேர்த்து எடுத்துக்கொண்டான் என்பார். மகளிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லப் போய்த்தான் ஒருவேளை எனக்கு ஆசை வந்ததோ என்னவோ.

விதைப் பாக்கெட்டைப் பிரித்துக் கையில் கொட்டி அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். இனிப்புச் சோள விதை. நம் ஊர் விதை மஞ்சளாகத் திண்ணென்று பல் மாதிரி இருக்கும். இது சுருங்கிச் சப்பி, உலர்ந்த பட்டாணித் தோல் மாதிரி இருந்தது. மாவாக மாற வேண்டியது சர்க்கரையாகவே நின்றுவிடுகிற ரகம், அதனால் காய்ந்ததும் இப்படி ஒடுங்கிவிடும் என்பது பிறகு தெரிந்துகொண்டது. "பதரைக் காசு குடுத்து வாங்கியிருக்க," என்றார் அப்பா. நாலாம் நாள் எட்டும் முளைத்தன.

எட்டு செடி, ஒரே வரிசை. கீரைக்கு நிழல் விழக்கூடாது என்று பாத்தியின் பின் ஓரமாக, அடிக்கொன்றாக ஊன்றியிருந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிப்ரவரி இங்கே மழை குறைந்த மாதம், தினமும் இரண்டு முறை தண்ணீர் சுமந்தேன். ஆனால் இடுப்பளவு வளர்ந்ததுமே உச்சிப்பூ வந்துவிட்டது. குளிர்நாட்டு ரகமாம். அங்கே கோடையில் பதினைந்து பதினாறு மணி நேரம் பகல் இருக்கும். சிங்கப்பூரில் ஆண்டு முழுக்க ஏறத்தாழ 12 மணி நேரம்தான், அதனால் அவசரமாகப் பூத்துவிடுகிறது. சரி, குட்டையாக இருந்தாலும் கதிர் வந்தால் போதும் என்று விட்டுவிட்டேன். அப்புறம்தான் அந்த 41.

வரப்போரத்துச் செடி

கதிரை அப்பாவிடம் காட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது. மகள்தான் பிடுங்கிப் போய் கேமராவுக்கு முன்னால் நீட்டினாள். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"மணி பிடிக்கல. எத்தனை செடி ஊனுன?"

"எட்டு, அப்பா."

"எத்தனை வரிசை?"

"ஒண்ணு."

"ஒத்தை வரிசையா? காத்தடிச்சா பூமாவு எங்க போவும்? அடுத்தவன் தோட்டத்துக்குத்தான் போவும். நம்ம காட்டுல வரப்போரத்துச் செடியப் பாரு, எப்பவும் பொக்கு விழும். உன்னுது எட்டும் வரப்போரம்."

இவ்வளவு நாள் பேசியதில் அப்பா எனக்கு விவசாயத்தில் ஒன்றைக் காரணத்தோடு சொன்னது அதுதான் முதல் தடவை. வரப்போரத்துச் செடி என்ற அந்த ஒரு சொல்லில் எல்லாம் அடங்கியிருந்தது. மக்காச்சோள மகரந்தம் வண்டுக்கும் தேனீக்கும் காத்திருப்பதில்லை. உச்சியில் ஆண் பூ, இடுப்பில் கதிர், நடுவில் காற்றுதான் தூது. பக்கவாட்டில் அடிக்கிற காற்றில் ஒற்றை வரிசையின் மகரந்தம் முழுவதும் மக்சிக்கின் பாண்டான் இலைமேல் போய் விழுந்திருக்கிறது. நாலு பக்கமும் செடி இருந்தால்தான் ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்கும்.

அன்றிரவு தூங்காமல் படித்தேன். எனக்குத் தூக்கிவாரிப்போட்ட விஷயம் ஒன்று அதில் இருந்தது. கதிரின் நுனியில் தொங்கும் முடி இருக்கிறதே, நாம் உரிக்கும்போது பிய்த்துப் பிய்த்து எறிவது, அதில் ஒவ்வொரு நூலும் ஒரு மணிக்குச் சொந்தம். உள்ளே ஒவ்வொரு மணியும் உட்காரப்போகிற இடத்திலிருந்து ஒரு நூல் கிளம்பித் தோகைக்குள்ளேயே வளர்ந்து வெளியே எட்டிப் பார்க்கிறது. அதன்மேல் ஒரு துகள் மகரந்தம் விழ வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் அந்தத் துகள். அது முளைத்து, நூலுக்குள்ளேயே குழாய் விட்டு, ஒரு சாண் நீளத்தையும் சுமார் ஒரு நாளில் கடந்து உள்ளே போய்ச் சேருகிறது. சேர்ந்தால் ஒரு மணி. நூலில் எதுவும் விழவில்லை என்றால் அந்த இடம் வெறுமை. அடியில் இருக்கும் மணிகளின் நூல்கள் முதலில் வெளியே வரும், நுனி மணிகளுடையது கடைசியில். என் கதிரில் அடியில் மட்டும் கொத்தாக மணி பிடித்ததற்குக் காரணம் அதுதான். நுனி நூல்கள் வந்தபோது மகரந்தம் தீர்ந்துபோயிருக்கிறது.

எழுந்து போய் ஜன்னல் மேடையில் இருந்த கதிரை எடுத்துப் பார்த்தேன். 41 நூல்களுக்குத்தான் துகள் கிடைத்திருக்கிறது. மற்ற நூல்கள் ஏப்ரல் வெயிலில் நாலைந்து நாள் நீண்டுகொண்டே போய்க் காத்திருந்து வாடியிருக்கின்றன. நான் தினமும் காலையில் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஜூலை மஞ்சள்

மே மாதம் மறுபடி விதைத்தேன். இந்தத் தடவை வெப்பநாட்டு ரகம். நாலு வரிசை, வரிசைக்கு நாலு, மொத்தம் பதினாறு செடி, பாத்தியில் பாதி இடம். அடியுரமாகக் கோழி எரு. முழங்கால் உயரத்தில் மேலுரம், மண் அணைப்பு. ஒரு வாரம் குருத்தில் மரத்தூள் மாதிரி எச்சம் கிடந்தது. அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். 2018இல் படைப்புழு வந்து எங்கள் வட்டாரமே அழுதது, அந்த வருடம் எங்களுக்கும் போட்ட காசு வரவில்லை. அதனால் அப்பாவுக்குப் புழு என்றாலே குரல் மாறிவிடும். "சாயங்காலம் டார்ச் அடிச்சிக் கையால எடு. குருத்துல ஒரு சிட்டிகை சாம்பலும் மணலும் போடு." எடுத்தேன், போட்டேன். பதினாறு செடிக்கு அது முடியும்.

ஜூன் கடைசியில் ஒரு விடியற்காலை சுமத்ரா காற்று என்கிற திடீர்ச் சூறைக்காற்று அடித்தது. நாலரை மணிக்கு ஜன்னல்கள் அதிர்ந்தன. ஆறரைக்குப் போய்ப் பார்த்தால் பதினொரு செடிகள் படுத்துக் கிடந்தன. நானும் சீனப் பெரியவரும் கயிறும் குச்சியும் எடுத்துக்கொண்டு நின்றோம். அப்பாவைக் கூப்பிட்டேன், ஊரில் அப்போது விடிகாலை நாலு மணி. "தொடாத. இன்னும் பூ வரலல்ல? தானா எந்திரிக்கும். வேர்ல மண்ணை மட்டும் ஏத்து." மூன்று நாளில் தண்டு கழுத்தை வளைத்துக்கொண்டு எழுந்தது. அடிக்கணுவில் வளைவு அப்படியே நின்றுவிட்டது. கணுவிலிருந்து கைவிரல்போலப் புதிய வேர்கள் மண்ணைத் தேடி இறங்கின. பெரியவர் அன்றிலிருந்து தன் பாத்திக்குப் போகும் முன் என் பாத்திக்கு வந்துவிட்டுத்தான் போவார்.

ஜூலை முதல் வாரம் உச்சிப்பூ விரிந்தது. மகரந்தம் காலையில், பனி காய்ந்தபின் உதிரும். இங்கே சூரியன் உதிப்பதே ஏழு மணிக்கு. ஆக, ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். அது வேலை நேரம். நூல்களோ ஒரே நாளில் வந்து முடிவதில்லை, ஐந்தாறு நாள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். மூன்று அரைநாள் விடுப்பு எடுத்தேன். மேலாளரிடம் காரணத்தை அப்படியே சொன்னேன். சனி, ஞாயிறு இரண்டையும் சேர்த்தால் ஐந்து காலைகள்.

அந்த ஐந்து காலைகளில் நான் கற்றது கொஞ்சமல்ல. உச்சிப்பூவைப் பழுப்புக் காகிதப் பைக்குள் மெல்லக் கவிழ்த்துத் தட்டினால் சொரசொரவென்று ஒரு சத்தம், பையின் அடியில் சேரும் வெளிர்மஞ்சள் மாவு. கூடவே காலிப் பூந்தோல்கள், ஓரிரண்டு கொசுத்தேனீக்கள். காற்றுதான் தூது என்றாலும் மாவைத் திருட அவை வந்துவிடுகின்றன. மகளின் ஓவியத் தூரிகையால் மாவைத் தொட்டு நூல்களில் தடவினேன். புது நூலைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். வெளிறிய பச்சை, கண்ணாடிபோல ஒளி ஊடுருவும், பனியில் நனைந்ததுபோலப் பளபளக்கும். விரலால் தொட்டால் லேசாக ஒட்டும். உற்றுப் பார்த்தால் நூல் முழுக்கப் பூனைமுடி. அந்த முடிகளில் மஞ்சள் துகள்கள் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு நிற்பது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. மூன்றாம் நாள் போனால் முந்தாநாள் தடவிய நூல்கள் நுனியிலிருந்து சிவந்து சுருண்டுகொண்டிருந்தன. நடுவிலிருந்து புது நூல்கள் நீட்டிக்கொண்டிருந்தன. இன்னும் வராத நூல்கள் உள்ளே எத்தனை இருக்கின்றன என்று தெரியாது. வரும்வரை நான் வர வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு காலை, தடவிக்கொண்டே போனில் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். என்ன செய்கிறாய் என்றார். சொன்னேன். ஒவ்வொரு நூலும் ஒரு மணிக்குப் போகிறது, அதனால் எந்த நூலும் விட்டுப்போகக் கூடாது என்று.

மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"ஒவ்வொரு நூலுக்கும் ஒரு மணியா?"

"ஆமாம்பா."

"அந்த முடியா? முடி கருகுனா கருது முத்திருச்சுன்னு தெரியும். அதுக்குத்தான் இருக்குன்னு நெனச்சேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. இருபது வருடத்துக்கும் மேலாக லட்சக்கணக்கான கதிர்களை ஒடித்த கை அது. மண்ணை மிதித்தே ஈரம் சொல்பவர். கடலுக்கு இந்தப்பக்கம் படுத்துக் கிடந்த செடியைப் பார்க்காமலேயே தொடாதே என்று சொன்னவர். அவருக்கு அது தெரிய வேண்டிய அவசியமே வந்ததில்லை. மூன்று ஏக்கரில் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் செடிமேல்தான் விழும். நுனியில் பத்துப் பொக்கு விழுந்தால் மூட்டைக் கணக்கில் தெரியாது. என்னுடையது பதினாறு செடி என்பதால்தான் நான் ஒவ்வொரு நூலிடமும் போய் நிற்க வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா கேட்டார், "ராத்திரி மழை பேஞ்சா அந்த மாவு என்னாவும்?" பயிரைப் பற்றி அப்பா என்னிடம் கேட்ட முதல் கேள்வி. நனைந்த மாவு உதவாது, ஆனால் உச்சிப்பூவில் விரியாத மொட்டுகள் நிறைய இருக்கும், மறுநாள் காய்ந்ததும் அவை விரியும் என்றேன். "ம்," என்றார். அந்த 'ம்' எனக்குத் தெரியும். சின்ன வயதில் உரக்கடைக்காரரிடம் பேசும்போது கேட்டிருக்கிறேன். வரப்பில் நின்றபடி.

இருபது நாள் கழித்து ஒடித்தோம். ஒரு மணியை நகத்தால் கீறினால் பால் தெறிக்க வேண்டும், அதுதான் பதம். ஒடித்த நிமிடத்திலிருந்து இனிப்பு குறையத் தொடங்கும் என்பதால் மனைவி வீட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டுத்தான் போன் செய்தாள், பிறகுதான் ஒடித்தேன். ஒரு கதிர் அணிலுக்கு, இரண்டு மக்சிக்குக்கு, இரண்டு பெரியவருக்கு. மகள் ஒவ்வொன்றையும் உரித்து வரிசை எண்ணினாள். 12, 14, 16. ஒற்றைப்படையே வராதா என்று கேட்டாள். வராது, மணிகள் ஜோடியாகத்தான் உருவாகின்றன, அதனால் எப்போதும் இரட்டைப்படை. இந்தத் தடவை பதில் சொல்ல முடிந்தது. நல்ல கதிர் ஒன்றில் 14 வரிசை, வரிசைக்கு 36. பெருக்கிப் பார்த்துவிட்டு அதைத் தாத்தாவுக்குக் காட்ட ஓடினாள்.

கார்த்திகை

ஊரில் புரட்டாசி மழைக்கு விதைத்தது கார்த்திகையில் பூத்தது. பூப்பதற்கு முன்பே ஒரு விஷயத்தை அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தேன். மகரந்தம் சேர்ந்த நூல், இரண்டு மூன்று நாளில் உள்ளே மணியிலிருந்து தானாகக் கழன்றுகொள்ளும். சேராத நூல் ஒட்டிக்கொண்டே இருக்கும். தோகையைப் பதமாகக் கீறி எடுத்துவிட்டுக் கதிரை உதறினால் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று மணி திரள்வதற்கு முன்பே தெரிந்துவிடும். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை சித்தப்பா மகன் ஒரு வீடியோ அனுப்பினான். நடுக்காட்டில் அப்பா குந்தி உட்கார்ந்திருக்கிறார். மடியில் துண்டை விரித்து, அதன்மேல் ஒரு இளங்கதிர். கத்தி நுனியால் தோகையை நீளவாக்கில் கீறுகிறார். கை லேசாக நடுங்குகிறது, ஆனாலும் ஒரு நூலும் அறவில்லை. தோகையை மடல் மடலாக விலக்குகிறார். பட்டுக் குஞ்சம் முழுசாக, கதிரைச் சுற்றிப் படிந்திருக்கிறது. அடியைப் பிடித்துத் தூக்கி மெல்ல உதறுகிறார். நூல்கள் கொத்துக் கொத்தாகத் துண்டில் விழுகின்றன. இன்னொரு உதறல். நுனியில் மட்டும் கொஞ்சம் நிற்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக விரலால் தள்ளி எண்ணுகிறார். பிறகு கேமராவைப் பார்க்காமல், கதிரைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார்.

"ஒம்போது நிக்குது தம்பி. மத்ததெல்லாம் உழுந்துருச்சு. இது நடுக்காடு, வரப்போரம் இல்ல. அங்கயும் ஒண்ணு எடுத்துப் பாக்குறேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இல்ல, ரெண்டு நாள் விட்டு எடுக்கலாமா? நீ என்ன சொல்ற?"